முந்திரித் தோட்ட பங்களாவின் நாலாவது பத்திரம்

முந்திரித் தோட்ட பங்களா, செம்பாக்கம்
16 ஜூன் 2024, ஞாயிறு

ஜெயவேலு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். காகிதத்தைத் தூக்கிப் பிடித்தால் தெரியும். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, மூன்று வருஷமாகப் பேசாத தம்பிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் நம்பரை நான் தடுத்து வைத்திருக்கிறேன், என் நம்பரை நீ. ஆகவே தபால்.

பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் நம் வீட்டைச் சேர்க்க மனு போடுகிறேன். பட்டியலில் ஏறிவிட்டால் எவனும் இதை இடிக்க முடியாது. அப்பா ஆளுக்குப் பாதி என்று எழுதிவைத்துவிட்டுப் போனதால் உன் கையெழுத்தும் வேண்டும். பென்சிலால் குறி போட்ட மூன்று இடங்களில் போடு. என் மேல் உள்ள கோபத்தை அதில் காட்டாதே.

மனுவோடு வீட்டின் வரலாறும் கொடுக்க வேண்டுமாம். நான் எழுதியது இதுதான், தப்பிருந்தால் சொல்:

'டன்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1871இல் நாற்பது ஏக்கர் செம்மண்ணில் முந்திரி நட்டு, நடுவில் இந்த வீட்டைக் கட்டினார். 1893இல் பல்லாவரத்தில் தோல் மண்டி வைத்திருந்த காதர் மொகிதீன் சாயபு அவரிடம் வாங்கினார். பின்கட்டும் கிணறும் அவர் கட்டியவை. 1921இல் ரயில் பாதைக்குக் கருங்கல் ஜல்லி கொடுத்துவந்த காண்டிராக்டர் சவுரிமுத்து வாங்கினார். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றவரும் அவரே. 1954இல் மிஞ்சிய ஒன்றேகால் ஏக்கரையும் வீட்டையும் எங்கள் தாத்தா, ஏரிக்குக் கீழ் இருந்த நன்செய் முழுவதையும் விற்று வாங்கினார். முந்தைய மூவரும் மனநிறைவோடு விற்றுச் சென்றார்கள் என்பது அவரவர் பத்திரங்களிலிருந்து தெரிகிறது.'

சனி ஞாயிறுகளில் டிக்கெட் வாங்கி வீட்டைப் பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. போன வாரம் பிள்ளைகளோடு பிள்ளைகளாக இரண்டு ஆட்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒருவன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான், இன்னொருவன் கூரையில் தேக்கு உத்தரங்களை எண்ணினான். போகும்போது, "அங்காளம்மாள் மேடம், நீங்க மட்டும் தனியாவா இருக்கீங்க? இவ்ளோ பெரிய வூட்ல?" என்றான். பெயரை நான் சொல்லவில்லை. இன்று மறுபடியும் வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அங்காளம்மாள்


நாவலூர்
28 ஜூன் 2024

அக்கா,

அந்த மனுவைக் கொடுக்காதே, கொடுத்தால் உனக்கும் ஆபத்து. உன் கடிதம் இங்கே எனக்கு முன்னால் இன்னொருவன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என் கைக்கு வந்தது.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். நடுவில் திட்டாமல் படி. ஜனவரியில் எங்கள் குடியிருப்பில் ஷ்யாம்சுந்தர் என்று ஒருவன் பழக்கமானான். இடம் வாங்கி விற்கிற ஆள், நல்ல சட்டை, நல்ல பேச்சு. எனக்கு என் பாகம் பிரிந்து வர வேண்டும், ஆனால் அதற்காக உன்னோடு ஒரே ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார முடியாது என்று ஒருநாள் அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். "உங்க அக்கா முகத்தையே நீங்க பாக்க வேணாம் சார். எனக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? டெண்டர் காகிதத்தில் ஒரு கமாவுக்காக மேனேஜரோடு சண்டை போட்டவன் நான். அந்தப் பதினோரு பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் பாதியை அவன் விருப்பப்பட்டவனுக்கு விற்கலாம் என்று அதில் இருக்கிறது.

ஏப்ரலில்தான் அது எனக்குத் தெரிந்தது. பவரை ரத்து செய்யப் போகிறேன் என்று அவனிடமே சொன்னேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். ரத்து செய்ய வேண்டுமானால் நானே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் ஏசுதாசன் என்று ஓர் ஆள் 'துணைக்கு' வந்து ஹாலில் படுத்துக்கொண்டான். என் போன் ரிப்பேருக்குப் போனது, இன்னும் வரவில்லை. அவன் வெளியே போனால் கதவு வெளியிலிருந்து பூட்டிக்கொள்கிறது.

அடிப்பதில்லை அக்கா. வேளாவேளைக்குச் சாப்பாடு. மாத்திரையை அவனே எடுத்துக் கொடுக்கிறான். "உடம்ப பாத்துக்கங்க சார். நீங்க நல்லா இருந்தாதான் எங்களுக்கு வேல நடக்கும்" என்கிறான். உண்மைதான். பவர் கொடுத்தவன் செத்தால் பவரும் செத்துவிடும். விற்கும்போது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்று வைக்க வேண்டும். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறான். அதுவரை எனக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு நான் எதற்கு என்பதைத்தான் நினைக்கவே முடியவில்லை.

வீடு பெருக்க வருகிற நாகலக்ஷ்மிதான் இதைத் தபாலில் போடுகிறாள். "லெட்டரா எழ்திக் குடுண்ணா. போனு வோணாம், எம் போன அந்த ஆளு வாங்கி நோண்டிக்கினு கீறான்" என்றாள். பதிலை அவள் பெயருக்கே போடு. விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

ஜெயவேலு


செம்பாக்கம்
4 ஜூலை 2024

ஜெயவேலு,

நடுவில் திட்டாமல் படித்தேன். முடித்துவிட்டுத் திட்டினேன், சுவருக்குக் கேட்டிருக்கும். என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக ஊர் பேர் தெரியாதவனிடம் பாதி வீட்டை எழுதிக் கொடுத்தாயா? நான் அவ்வளவு பயங்கரமாகவா இருக்கிறேன்?

திட்டி முடித்த பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உன் எழுத்து மாறியிருக்கிறது. ஒவ்வொரு வரியும் கீழே சரிந்துகொண்டே போகிறது.

உடனே ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு கான்ஸ்டபிளை உன் பிளாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் வந்ததும், "என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அக்காவிடம் போக வேண்டும்" என்று இரண்டு வாக்கியம் சொல். வேறொன்றும் வேண்டாம். கட்டிய துணியோடு அவர் பின்னாலேயே வந்துவிடு. உன் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அக்கா


நாவலூர்
17 ஜூலை 2024

அக்கா,

நீ காத்துக்கொண்டிருந்திருப்பாய். மன்னித்துவிடு என்று எழுதவே கூசுகிறது.

கான்ஸ்டபிள் வந்தார். ஏசுதாசன் அவருக்கு மோர் கொடுத்தான். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், அவன் எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்தான். அழுத்தக்கூட இல்லை. "சார், உங்கள யாராவது அடைச்சு வச்சிருக்காங்களா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். "இல்லை, எனக்கும் அக்காவுக்கும் சொத்துத் தகராறு, அதனால் இப்படிப் புகார் கொடுக்கிறாள்" என்று என் வாய் சொன்னது. எழுதியும் கொடுத்தேன். அவர் போனபிறகு ஏசுதாசன் என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

உன்னைத் தகராறு பிடித்தவள் என்று எழுதியபோது பாதி உண்மையைத்தான் எழுதுகிறோம் என்று ஒரு ஓரத்தில் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நேரம் இருக்குமோ என்னவோ. வினிதாவுக்கு முட்டி வலி வந்தபோது அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை கட்டலாம் என்று உன்னை எத்தனை தடவை கேட்டேன்? சுவரில் ஒரு கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். நூற்றைம்பது வருஷச் சுவர், கை வைக்கக் கூடாது என்றாய். ஐப்பசி மழையில் கொல்லைக்குப் போனவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, எட்டு மாசம் படுத்தே கிடந்து போய்ச் சேர்ந்தாள். உன் சுவருக்குக் கிடைத்த மரியாதை என் பெண்டாட்டிக்குக் கிடைக்கவில்லை என்று அவள் காரியத்தன்று நான் சொன்னதற்குத்தான் நீ பேச்சை நிறுத்தினாய். அந்த வார்த்தையை நான் இன்றும் திரும்ப வாங்கவில்லை.

ஆனால் இப்போது கூப்பிடுவதற்கு எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு அந்தச் சான்றுக்காக என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில், நம் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு நேர் எதிரே ஒரு கிளினிக். நான் ரோட்டைத் தாண்டினால் போதும். ரத்துப் பத்திரம் தயாராக வைத்துக்கொண்டு நீ அங்கே நிற்பாயா?

ஜெயவேலு


செம்பாக்கம்
24 ஜூலை 2024

தம்பி,

நிற்பேன்.

பத்திரம் தயார். என்னோடு வேலை பார்த்த கிறிஸ்டினா டீச்சரும் அவள் வீட்டுக்காரரும் சாட்சிக்கு வருகிறார்கள். டோக்கன் போட்டாயிற்று. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலில் கறுப்புக் குடையோடு நிற்பேன். நீ என்னைப் பார்த்து நடந்தால் போதும், யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. அவர்கள் கத்தினால் நான் அதைவிடச் சத்தமாகக் கத்துவேன். என் குரல் உனக்குத் தெரியும்.

வினிதாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் இருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

இங்கே இன்று யாரோ நம் முன் சுவரில் சிவப்புப் பெயின்டால் அளவுக் குறிகள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பட்டப்பகலில், நான் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தபோது. ஒரு சத்தம் கேட்கவில்லை. நீ வரும்வரை வெளியே போவதில்லை என்று இருக்கிறேன்.

அக்கா


நாவலூர்
8 ஆகஸ்ட் 2024

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். கண்ணாடி இல்லை.

உன்னைப் பார்த்தேன். சாம்பல் நிறப் புடவை, குடை. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் ஏசுதாசன் பணம் கட்ட உள்ளே நின்றுவிட்டான். வாசலில் நான் மட்டும். கார் கதவு திறந்திருந்தது, டிரைவர் போனில் இருந்தான். ரோட்டில் அப்போது ஒரு வண்டிகூட இல்லை. நீ என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். ஒரு படி இறங்கினேன். இரண்டாவது படிக்குக் கால் வரவில்லை அக்கா. யாரும் பிடிக்கவில்லை. யாரும் கூப்பிடக்கூட இல்லை. நானே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏசுதாசன் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வெயில்ல நிக்கிறாங்க பாருங்க சார். கூப்ட்டு ஒரு ஜூஸ் வாங்கிக் குடுக்கட்டுமா?" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, நான் போகிறேனா என்று பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் என் கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். "நெறைய எழுதறீங்க சார், கண்ணு கெட்டுடும்" என்றான்.

நாகலக்ஷ்மி நடுங்குகிறாள். இன்னும் ஒரு கடிதம் கொண்டு வருவாளாம், அதோடு வேலையை விட்டுவிடுகிறாளாம். பாவம், போகட்டும். நீயும் என்னை விட்டுவிடு. வீட்டையாவது காப்பாற்றிக்கொள்.

ஜெயவேலு


செம்பாக்கம்
13 ஆகஸ்ட் 2024

தம்பி,

நாகலக்ஷ்மி இதை உனக்குப் படித்துக் காட்டட்டும். அவள் எட்டாவது வரை படித்தவளாம், விசாரித்துவிட்டேன்.

அன்று நீ காரில் ஏறியதும் எனக்கு வந்தது கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். கிறிஸ்டினா வீட்டுக்காரர் ஆட்டோவில் என்னைக் கொண்டுவந்து விடும்வரை உன்னைக் கோழை, கோழை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால் ஷ்யாம்சுந்தர் பழத்தட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். எழுந்து, பெயரைச் சொல்லிக் கும்பிட்டான். "என் தம்பிய எப்ப விடுவீங்க?" என்று கேட்டேன். "யாரும்மா புடிச்சு வச்சிருக்கா? அவர் எங்க விருந்தாளி. வேல முடிஞ்சா அவரே கெளம்பிடுவார். வயசானவர், மாத்திரையில வண்டி ஓடுது. இழுத்துக்கினே போனா அவருக்குத்தான் கஷ்டம்" என்றான். மாத்திரை என்று சொல்லும்போது மட்டும் என் கண்ணைப் பார்த்தான். அந்தப் பழத்தட்டை வெளியே எறியக் கிளம்பியவள் ஓர் அடிகூட நகரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேறு ஆள் இல்லை. அப்போது உன் இரண்டாவது படி எனக்குப் புரிந்தது.

வினிதாவுக்கான பதிலை நேரில் சொல்கிறேன் என்றேன். இப்போதே சொல்கிறேன். நீ சொன்னதுதான் சரி. அந்தச் சுவரை ஒரு கொத்தனார் அரைநாளில் திறந்திருப்பான். நான் விடவில்லை. அவள் விழுந்த சத்தம் கேட்டு ஓடியவள் நான்தான். அவள் அப்போது சொன்ன ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை. அவளைத் தூக்கும்போது, "அண்ணி, உங்க வீடு வழுக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உன்னோடு பேச்சை நிறுத்தியது நீ பொய் சொன்னதற்காக இல்லை.

வருகிற 22, வியாழக்கிழமை, என் பாதியை அவன் கொண்டுவருகிறவனுக்கு எழுதிக் கொடுக்கிறேன். மறுநாள் உன்னை விட்டுவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றான். அவன் பேச்சை நம்புகிறேனா என்று கேட்காதே. நம்பாமல் எனக்கு வேறு என்ன இருக்கிறது? மாத்திரையை மட்டும் பார்த்து வாங்கிப் போடு.

அக்கா


குன்றத்தூர்
26 ஆகஸ்ட் 2024

அக்கா,

விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கேம்ப் ரோட்டில் கார் நின்றது, "எறங்கிக்கங்க சார்" என்றான், போய்விட்டார்கள். கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் தெரியவில்லை. ஒரு பூக்காரம்மா கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வினிதாவின் தம்பி பிரசன்னா வீட்டில் இருக்கிறேன். இன்னும் யாராவது காலிங் பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். அவன் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்க்கிறார்கள்.

உன்னிடம் வர எனக்கு முகம் இல்லை. நேரே உன்னிடம் வந்திருக்க வேண்டும், செம்பாக்கம் பஸ் எதிரில்தான் நின்றிருக்கும். நான் குன்றத்தூர் பஸ் எது என்று கேட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வியாழக்கிழமை என்னை வெளியே காரில்தான் உட்கார வைத்திருந்தார்கள். திரும்பும்போது ஏசுதாசன், "உங்க அக்கா கொஞ்சம்கூட யோசிக்கல சார், கேட்ட ஒடனே சந்தோஷமா சம்மதம்னுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான். உள்ளே என்ன நடந்தது?

ஜெயவேலு


செம்பாக்கம் (வாடகை வீடு, விலாசம் பின்னால்)
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

பழைய வீட்டுக்கு வந்த உன் கடிதத்தைத் தபால்காரர் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். உயிரோடு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தபிறகுதான் எட்டு நாள் கழித்து ஒழுங்காகச் சாப்பிட்டேன். பெல் அடித்தால் எனக்கும் அப்படித்தான். நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை அரைமணி நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டேன்.

உள்ளே நடந்ததைக் கேட்டாய். ஆவணி முகூர்த்தம், திருவிழாக் கூட்டம். பட்டுப்புடவை, இனிப்புப் பொட்டலம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சார்பதிவாளர் சின்னப் பெண், முப்பது வயது இருக்காது. என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தி போலவே முகம். நான் கொண்டுபோன பழைய பத்திரங்களையும் புரட்டிப் பார்த்து, "மூணு பேர் கைமாறி உங்ககிட்ட வந்திருக்கு, இல்லம்மா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

இரண்டு பாதிக்கும் ஒரே பத்திரம், உன் பாதிக்கு உன் பவரை வைத்து ஷ்யாம்சுந்தர் கையெழுத்துப் போட்டான். அதை வாசித்தார்கள். 'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்' என்று வந்தது. அதே வரி சாயபு பத்திரத்தில் இருக்கிறது. சவுரிமுத்து பத்திரத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மனநிறைவோடு விற்றார்கள் என்று பிள்ளைகளிடம் பதினோரு வருஷமாகச் சொல்லிவந்தேன். அவர்கள் கையெழுத்துப் போட்டபோது வாசலில் யார் நின்றார்களோ, எனக்கு எப்படித் தெரியும்? என் வாசலில் ஏசுதாசன் நின்றான். உன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தான்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வழக்கமாகக் கேட்கிற இரண்டு கேள்விதான். ஆனால் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, யாராவது உங்கள மிரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?" அப்போது சொல்லியிருக்கலாம். நீ கான்ஸ்டபிளிடம் சொல்ல முடியாமல் போனதை நான் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றேன். "இந்த விற்பனைக்கு உங்களுக்கு முழு சம்மதந்தானே?" "முழு சம்மதம்" என்றேன். ஏசுதாசன் சொன்னது சரிதான், யோசிக்கவில்லை.

முகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உன்னைவிடப் பெரிய கோழை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். இரண்டு கோழைகள் ஒரு வீட்டில் இருந்துகொள்ளலாம். பெல் அடித்தால் சேர்ந்து போய்க் கதவைத் திறக்கலாம்.

அந்தப் பெண் கேட்ட முதல் கேள்விக்கு நான் சொன்னது பொய். இரண்டாவதற்குச் சொன்னது பொய் இல்லை. பிரசன்னாவைக் கொண்டுவந்து விடச் சொல், வா.

அக்கா